அந்தக் கடைசி வரிக்குக் கீழே ஒரு முகவரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறவன் நான். நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். கல்லீரல் என்ன ஆகும், மூளை என்ன ஆகும், வீடு என்ன ஆகும் எல்லாம் வந்துவிடுகிறது. ஆனால் எந்தக் கட்டுரையாக இருந்தாலும் கடைசி வரி மட்டும் மாறுவதே இல்லை: "பாதிக்கப்பட்டவர்கள் அருகிலுள்ள ஆதரவுக் குழுவை அணுகலாம்." சரி, அணுகலாம். எங்கே? எந்தத் தெரு, எந்தக் கிழமை, எத்தனை மணி, யாருக்குப் போன் போடுவது? அதைச் சொல்லாமலே கட்டுரை முடிந்துவிடுகிறது, அடுத்த பத்தியில் ராசிபலன்.

குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் இயக்கமான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., குழு ஒன்றில் இருக்கிறேன். குடியை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. எங்கள் குழுவின் போனை முறைவைத்து எடுக்கிறவர்களில் நானும் ஒருவன். அந்தப் போனில் வருகிறவர்கள் யாரும் "நான் குடியை விடணும்" என்று ஆரம்பிப்பதில்லை. பெரும்பாலும் "ஃப்ரெண்டுக்காகக் கேக்கறேன்" என்றுதான் வரும். அப்புறம் அந்த ஃப்ரெண்டுக்காகவே கேள்விகள் ஒவ்வொன்றாக விழும். அடையாள அட்டை கேட்பீர்களா, எவ்வளவு பணம் கட்டணும், ஆபீசுக்குத் தெரியுமா, எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் பேசச் சொல்வீர்களா, சாமி கும்பிடச் சொல்வீர்களா, ஒரு நாள் வந்தால் அப்புறம் வராமல் இருக்க விடுவீர்களா. இவ்வளவும் கேட்டுவிட்டுக் கடைசியில் சொல்வார்கள், "உங்க நம்பரைப் பிடிக்கவே பாடாப் போச்சு."

அந்தப் பாட்டைத்தான் குறைக்கச் சொல்கிறேன். குடிக்கிறவனுக்குப் போதும் என்று தோன்றுகிற நேரம் வரும், அது பொய்யும் கிடையாது. ஆனால் பெரும்பாலும் விடிகாலையில் வரும், சாயங்காலம் வரை தாங்கினால் அதிர்ஷ்டம். அந்தச் சில மணி நேரத்துக்குள் அவன் கையில் ஒரு முகவரி இருந்தால் அன்று இரவே ஒரு நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவான். இல்லையென்றால் தேடித் தேடி அலுத்து, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுவான். அந்த நாளை எப்படிப் போகும் என்று இந்தக் கடிதத்தைப் படிக்கிற குடும்பங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று கேட்டால், பாதிக் காரணம் நாங்கள்தான். ஏ.ஏ.வுக்குப் பன்னிரண்டு மரபுகள் உண்டு, 1950-ல் ஏற்றுக்கொள்ளப்பட்டவை. ஏழாவது மரபுப்படி வெளியார் பணம் வாங்கக் கூடாது, உறுப்பினர்கள் விருப்பப்பட்டுப் போடுவதில்தான் அறை வாடகை முதல் எல்லாம் நடக்கணும். விளம்பரத்துக்குக் காசு எங்கே இருக்கும்? பதினோராவது மரபு, ஆட்களை ஈர்ப்பால் சேர்க்கணுமே தவிர விளம்பரத்தால் கூடாது, பத்திரிகையிலும் வானொலியிலும் திரைப்படத்திலும் உறுப்பினர் தன் அடையாளத்தை வெளிக்காட்டக் கூடாது என்கிறது. நல்ல விதிதான். ஆனால் எங்களிலேயே சிலர் இதைப் பிடித்துக்கொண்டு குழுவையே ஒளித்து வைக்கிறார்கள். ஆளின் பெயரைத்தான் வெளியிடக் கூடாது, கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் வெளியிடக் கூடாது என்று எந்த மரபிலும் இல்லை.

மீதிப் பாதி, பழைய தகவல். எங்களுக்கென்று சொந்த இடம் கிடையாது. பள்ளிக்கூட வகுப்பறை, மருத்துவமனையின் மாடி அறை, தேவாலயத்தின் பின்கட்டு, சமூகக்கூடம் என்று கிடைத்த இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு வாங்கி நடத்துகிறோம். அந்த இடம் ஏதாவது ஒரு காரணத்துக்காகக் கைவிட்டுப் போகும், குழு வேறு இடத்துக்கு மாறும், இணையத்தில் மட்டும் பழைய முகவரி அப்படியே கிடக்கும். இப்போது எங்கள் குழுவில் இருக்கும் ஒருவர் முதன்முதலில் கூட்டம் தேடிப் போனது அப்படி ஒரு முகவரிக்குத்தான். கதவில் பூட்டு. காவலாளி, "அவங்க போயி ரொம்ப நாளாச்சே" என்றாராம். அங்கே நின்றபடியே, இது நமக்கு விதிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டார். மறுபடி எங்களைத் தேடி வருவதற்குள் அவருக்கு வேலையும் போயிருந்தது.

பத்திரிகையால் இதில் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் நினைக்கலாம். ஏ.ஏ. வளர்ந்த கதையில் பத்திரிகைக்கு இருக்கும் பங்கு கொஞ்சநஞ்சமல்ல. 1939 அக்டோபரில் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் ப்ளெய்ன் டீலர் என்ற நாளிதழ் இந்த இயக்கத்தைப் பற்றித் தொடர் கட்டுரைகள் போட்டது. அங்கே அப்போது இருந்ததே ஒரு சின்னக் கூட்டம், அவர்களைத் தேடி உதவி கேட்டு நூற்றுக்கணக்கானவர்கள் வந்தார்கள், நேற்றுத்தான் குடியை விட்டவன் இன்று வந்தவனுக்கு வழி சொல்லும் நிலைமை. 1941 மார்ச்சில் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் என்ற வார இதழில் ஒரு கட்டுரை வந்தது. வருட ஆரம்பத்தில் சுமார் 2,000 பேராக இருந்த உறுப்பினர்கள் வருடக் கடைசியில் சுமார் 8,000. ஒரே ஒரு கட்டுரை கிளப்பிய அலை அது.

அதற்கும் முன்னால் போனால் இன்னொரு பட்டியல் இருக்கிறது. 1935 மே மாதம் நியூயார்க்கிலிருந்து வியாபார விஷயமாக ஆக்ரன் என்ற ஊருக்குப் போன, பின்னால் ஏ.ஏ.வைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் என்பவருக்கு வியாபாரம் கைகூடவில்லை. குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தங்கியிருந்த ஹோட்டலின் கூடத்தில் ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சத்தம், இன்னொரு பக்கம் ஊரிலிருக்கும் தேவாலயங்களின் பெயர்ப் பட்டியல், பக்கத்தில் போன். இன்னொரு குடிநோயாளியோடு பேசினால்தான் தாக்குப்பிடிக்க முடியும் என்று அவர் பட்டியல் பக்கம் போனார். அதிலிருந்து ஒரு பாதிரியாருக்குப் போன் போட்டு, அவர் இன்னும் சிலரைச் சொல்லி, கை மாறிக் கை மாறிக் கடைசியில் தானே குடிநோயாளியான பாப் என்ற மருத்துவரைச் சந்திக்க ஏற்பாடானது. கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று சொல்லிக்கொண்டு வந்த டாக்டர் பல மணி நேரம் பேசிவிட்டுப் போனார். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தொடங்கிய நாளாகச் சொல்கிறோம். இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கும் ஒரு இயக்கம், சுவரில் யாரோ மாட்டிவைத்த ஒரு முகவரிப் பட்டியலில் ஆரம்பித்தது. யாராவது அதைச் சரியாக எழுதி மாட்டியிருந்தார்கள் அல்லவா!

உங்களிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான். இன்றைய நிகழ்ச்சிகள் என்று சொற்பொழிவையும் புத்தக வெளியீட்டையும் போடுகிறீர்களே, அதே பக்கத்தில் வாரம் ஒருமுறை நான்கு விரற்கடை இடம் கொடுங்கள். ஆனால் வெறும் முகவரி போதாது. கிழமையும் நேரமும் கட்டாயம். எந்த மொழியில் நடக்கிறது என்பதும் வேண்டும். திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்றும் போடுங்கள். திறந்த கூட்டத்துக்கு மனைவி, பிள்ளை, மருத்துவ மாணவர் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கும், தன் குடி பிரச்சினையாகிவிட்டது என்று சந்தேகப்படுகிறவர்களுக்கும் மட்டும். இது தெரியாமல் கணவனைக் கைப்பிடித்து அழைத்து வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன், அவர் திரும்பினால் இவரும் திரும்பிவிடுவார். பெண்களுக்கென்று தனிக் கூட்டம் இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். எந்த வாசல், எந்த மாடி என்று போடுங்கள். சிரிக்காதீர்கள், முதல்முறை வருகிறவன் யாரிடமும் வழி கேட்க மாட்டான், அதற்குப் பதில் வந்த வழியே திரும்பிப் போய்விடுவான். எல்லாவற்றையும் விட முக்கியம், இந்த விவரம் எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்று அடியில் ஒரு வரி. தேதி இல்லாத பட்டியலை நான் நம்புவதில்லை.

இப்போதே தேடுகிறவர்களுக்கும் இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நாட்டு ஏ.ஏ. சேவை அலுவலகத்தின் இணையதளத்தில் ஆரம்பியுங்கள். மீட்டிங் கைடு என்று ஏ.ஏ.வின் இலவச செயலி ஒன்று உண்டு, நீல நிறத்தில் ஒரு வெள்ளை மடக்கு நாற்காலி படம் போட்டிருக்கும். எல்லா ஊரும் அதில் இருக்காது, இருந்தால் உங்களுக்குப் பக்கத்தில் அடுத்து எங்கே கூட்டம் என்று காட்டிவிடும். பொது மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள், அங்கே இருக்கும் செவிலியருக்கோ சமூகப் பணியாளருக்கோ இணையத்தை விடச் சரியான தகவல் தெரிந்திருக்கும். முகவரி கிடைத்த உடனே கிளம்பாதீர்கள், முதலில் போன் போட்டு "இன்னிக்கு மீட்டிங் இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம். முடிந்தால் "வாசல்ல ஒருத்தர் நிக்க முடியுமா?" என்றும் கேட்டுவிடுங்கள். நிற்போம். இதற்கென்றே சீக்கிரம் வருகிறவர்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கும்? பெரிதாக ஒன்றும் நடக்காது என்பதுதான் முதலில் வருகிறவர்களுக்கு ஆச்சரியம். நாற்காலிகள், ஒரு மேசை, ஒருவர் கூட்டத்தை நடத்துவார், அவரும் குடித்தவர்தான். சின்ன முன்னுரை வாசிப்பார்கள், பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள். "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்து, தான் எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன் என்று. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட மாட்டார், அறிவுரை சொல்ல மாட்டார், "அப்படியா செய்தாய்" என்று முகம் சுளிக்க மாட்டார். சுளிக்கவும் முடியாது, ஏனென்றால் அதே காரியத்தை அவரும் செய்திருப்பார். பாட்டிலை அலமாரித் துணிகளுக்கு நடுவில் ஒளித்து வைத்துவிட்டு, ஒளித்த இடம் மறந்து ராத்திரி வீட்டையே கலைத்துப் போட்ட கதையை ஒருவர் சொன்னபோது அறை முழுக்கச் சிரித்தது. அன்று முதல்முறை வந்தவரும் சிரித்தார். குடிகாரன் என்று தெரிந்தவர்கள் நடுவில் உட்கார்ந்து சிரிக்க முடியும் என்பது அவருக்கே நம்ப முடியவில்லை.

உங்கள் முறை வந்தால், "இன்னிக்குக் கேக்க மட்டும் வந்திருக்கேன்" என்றால் போதும், அடுத்தவரிடம் போய்விடும். குடிநோயாளி என்று அன்றைக்கே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் சேர்வதற்கான தகுதி என்று மூன்றாவது மரபே சொல்கிறது. காணிக்கைப் பை சுற்றி வரும், புதியவர் எதுவும் போட வேண்டியதில்லை. குடித்துவிட்டு வந்தால் துரத்துவார்களா என்று கேட்கிறார்கள். ரகளை செய்யாத வரை யாரும் துரத்த மாட்டார்கள், அன்று பேசாமல் கேட்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் உண்மையான கூட்டம், கூட்டம் முடிந்த பிறகு நாற்காலிகளை மடக்கும்போதுதான் நடக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில்தான் போன் நம்பர் கைமாறும், "ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடுங்க" என்று ஒருவர் சொல்வார். முடிந்தவுடன் ஓடிவிடுகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள்.

எல்லாக் கூட்டமும் தங்கமானது என்று சொல்ல மாட்டேன். சில இடத்தில் ஒரு மூத்தவர் பிடித்தால் விட மாட்டார், வாரா வாரம் அதே கதையை அதே இடத்தில் நிறுத்தி நிறுத்திச் சொல்வார். சில இடத்தில் மதவாசம் தூக்கலாக இருக்கும். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் வழியான பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, "நாம் அவரைப் புரிந்துகொண்ட விதத்தில்" என்ற சேர்க்கையோடு. நாத்திகர்களும் இந்தக் கூட்டங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள், குழுவையே தனக்கு மேலான சக்தியாக எடுத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். அதுவும் ஒட்டவில்லை என்றால் ஸ்மார்ட் ரிகவரி என்று 1994-ல் தொடங்கிய அமைப்பு இருக்கிறது, அங்கே கடவுள் பேச்சே இல்லை, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளும் பயிற்சிதான். எதுவானாலும் ஒரே ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு "இது நமக்குச் சரிப்படாது" என்று முடிவு கட்டாதீர்கள். வேறு கிழமை, வேறு குழு, வேறு ஆட்கள் என்று சிலவற்றைப் பாருங்கள். நேரில் போக முடியாதவர்களுக்கு ஆன்லைன் கூட்டங்கள் இருக்கின்றன, கேமராவை அணைத்துவிட்டுப் பெயருக்குப் பதில் ஒரு எழுத்தைப் போட்டுக்கொண்டு உட்காரலாம். வெளியூரில், சுற்றிலும் வேறு மொழிக்காரர்கள் நடுவில் இருப்பவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனாலும் நேரில் போகக்கூடியவர்கள் நேரிலேயே போங்கள், திரையில் நாற்காலி மடக்க முடியாது.

புதிதாக வரும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. வழிகாட்டியாக, அதாவது ஸ்பான்சராக, ஒரு பெண்ணையே தேர்ந்துகொள்ளுங்கள், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது பழைய நடைமுறை. மனம் உடைந்து வருகிறவர்களிடம் அளவுக்கு மீறி அக்கறை காட்டும் ஆட்கள் எங்கேயும் இருப்பார்கள், எங்கள் கூட்டங்கள் அதற்கு விலக்கல்ல. அதேபோல, "இங்கே கேட்டது இங்கேயே இருக்கட்டும்" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வோம், பெரும்பாலும் காப்பாற்றவும் செய்கிறோம், ஆனால் அது சட்டம் போட்ட பூட்டு கிடையாது, மனிதர்கள் கொடுக்கும் வாக்கு. வேலைக்கோ வழக்குக்கோ சிக்கலாகக்கூடிய விஷயத்தைக் கூட்டத்தில் சொல்லாமல், நம்பிக்கையான ஒருவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். வருடக்கணக்கில் தினமும் அதிகமாகக் குடித்தவர் வீம்பாக ஒரே நாளில் நிறுத்திவிட்டு நேராகக் கூட்டத்துக்கு வருவது ஆபத்து. நடுக்கமும் வியர்வையும் சில மணி நேரத்தில் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டு மூன்று நாளில் மனம் குழம்பி, இல்லாத உருவங்கள் தெரிந்து, உயிருக்கே உலை வைக்கும் டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற நிலையும் சிலருக்கு வரும். முதலில் மருத்துவர், அப்புறம் அல்லது கூடவே கூட்டம். குடியை விட உதவும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட், டைசல்பிராம் போன்ற மருந்துகளை மருத்துவர் கொடுத்திருந்தால், கூட்டத்தில் யாராவது "மாத்திரை எல்லாம் எதுக்கு" என்று சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஏ.ஏ.வில் யாரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்பது ஏ.ஏ.வே சொல்வது.

இதெல்லாம் பலன் தருகிறதா என்று கேட்பவர்களுக்கு: 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துச் சொச்சம் பேரை வைத்து, அலசியது. ஏ.ஏ.வோடு இணைத்துவிடும் சிகிச்சை பெற்றவர்களில் ஒரு வருடத்துக்குப் பின் முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம், வேறு சிகிச்சைகளில் 35 சதவீதம். அப்படியென்றால் பாதிக்கு மேற்பட்டவர்கள் இடையில் குடித்திருக்கிறார்கள். அதையும் மறைக்க வேண்டாம். வழுக்கி விழுந்தவர் மறுநாள் கூட்டத்துக்கு வந்தால் எங்களில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, நாற்காலியை இழுத்துப் போடுகிறோம்.

பட்டியலில் அல்-அனான் கூட்டங்களையும் சேருங்கள். அது குடிக்கிறவரின் குடும்பத்துக்கு, 1951-லிருந்து நடக்கிறது. பிள்ளைகளுக்கு அல்-அட்டீன், அது 1957-லிருந்து. போனில் அழும் மனைவிகள், தாய்மார்கள் எல்லோரும் "அவரை எப்படிக் கூட்டி வர்றது" என்றுதான் கேட்கிறார்கள். அவர் வரும்போது வரட்டும் அம்மா, நீங்கள் முதலில் போங்கள் என்றால் கோபப்படுகிறார்கள், "குடிக்கிறது அவரு, நான் எதுக்குப் போகணும்?" நியாயமான கோபம்தான். ஆனால் போனவர்கள், வாரத்தில் அந்த ஒரு மணி நேரமாவது அவர் எங்கே விழுந்து கிடக்கிறார் என்று யோசிக்காமல் இருந்தேன் என்கிறார்கள்.

நீங்கள் இந்தப் பட்டியலைப் போடத் தயார் என்றால் விவரங்களைத் திரட்டி, ஒவ்வொரு குழுவுக்கும் போன் போட்டுச் சரிபார்த்து, மாதாமாதம் உங்கள் அலுவலகத்தில் கொடுக்கும் பொறுப்பை எங்கள் குழு ஏற்றுக்கொள்ளும். காசு எதுவும் வேண்டாம், எங்களைப் பாராட்டி ஒரு வரியும் வேண்டாம். கூட்டத்துக்குப் புகைப்படக்காரரை மட்டும் அனுப்பிவிடாதீர்கள், செய்தியாளர் வருவதானால் திறந்த கூட்டத்துக்கு வரட்டும், பெயர்களையும் முகங்களையும் அங்கேயே விட்டுவிட்டுப் போகட்டும். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், காலையில் கை நடுங்குகிறவருக்குப் பேப்பரும் சேர்ந்து ஆடும். ஏதாவது ஒரு கூட்டம் இடம் மாறினால் அன்றே உங்களுக்குச் சொல்கிறோம், அடுத்த வாரத்துக்குத் தள்ளாமல் மறுநாளே திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஏ.ஏ. உறுப்பினர் ஒருவன்
(பெயரும் தொலைபேசி எண்ணும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், அச்சில் வேண்டாம்.)